வென்றவருக்கு எதிராளியின் ராஜாவைத் தூக்கி எறியும் உரிமை இல்லை

உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடேயின் நிர்வாகிகளுக்கும், செஸ் காட்சிப் போட்டிகளை நடத்துபவர்களுக்கும், அந்த மேடைகளில் ஆடும் கிராண்ட்மாஸ்டர்களுக்கும்,

2025 அக்டோபர் தொடக்கத்தில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஆர்லிங்டன் நகரத்தில், அமெரிக்கா–இந்தியா காட்சிப் போட்டி ஒன்று நடந்தது. ஐந்து ஆட்டங்களையும் அமெரிக்க அணி ஜெயித்தது. அதைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. நன்றாக ஆடினார்கள், ஜெயித்தார்கள். உலக சாம்பியன் குகேஷை வென்ற கையோடு அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் ஹிகாரு நகமுரா என்ன செய்தார் என்பதுதான் என் பிரச்சினை. பலகையில் இருந்த குகேஷின் ராஜாவை எடுத்துப் பார்வையாளர் கூட்டத்துக்குள் வீசினார். கூட்டம் ஆர்ப்பரித்தது. எதிரில் இருந்த பத்தொன்பது வயதுப் பையன் ஒன்றும் சொல்லவில்லை.

நான் கும்பகோணத்தில் பிள்ளைகளுக்குச் செஸ் சொல்லிக்கொடுப்பவன். சனி, ஞாயிறுகளில் சுற்றுப்பட்ட ஊர்களில் நடக்கும் போட்டிகளுக்கு அவர்களை அழைத்துப் போவேன். ஆள் குறைந்தால் ஆர்பிட்டருக்கு, அதாவது போட்டி நடுவருக்கு, உதவியாக மேசைகளுக்கு நடுவில் நடந்துகொண்டிருப்பேன். டெக்சாஸில் வீசிய ராஜா எங்கே போய் விழுந்தது என்று உங்களில் யாரும் தேடியிருக்க மாட்டீர்கள். எங்கள் பக்கத்துக் கல்யாண மண்டபங்களில் வந்து விழுந்தது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

அந்த வீடியோ கைபேசிகளில் சுற்ற ஆரம்பித்த பிறகு வந்த ஒரு போட்டி. ஒன்பது வயதுக்குட்பட்டோர் பிரிவு. சாப்பாட்டுக் கூடத்து நீள மேசைகளில் சுருட்டி விரிக்கிற ரெக்சின் போர்டுகள், பிளாஸ்டிக் காய்கள், மேலே மின்விசிறிச் சத்தம். ஒரு பையன் செக்மேட் வைத்தான். வைத்தவன் கையை நீட்டவில்லை. எதிரில் இருந்தவனின் கறுப்பு ராஜாவைப் பிடுங்கித் தலைக்கு மேலே சுழற்றி வீசினான். அது பந்தி பரிமாறும் வாளிகள் அடுக்கியிருந்த மூலையில் போய் மோதியது. ராஜா தலையில் இருக்கும் சிலுவை முறிந்து தனியாகக் கிடந்தது. தோற்ற பிள்ளைக்கு ஏழு வயதுகூட நிறைந்திருக்காது. அவன் அழவில்லை. எழுந்து போய் மூலையில் குனிந்து ராஜாவையும் சிலுவையையும் பொறுக்கி வந்தான். இரண்டையும் ஒட்டவைக்க முடியுமா என்று சேர்த்துச் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தான், அவன்தான் உடைத்துவிட்ட மாதிரி. அடுத்த சுற்றுக்கு அவன் பெயரை மைக்கில் கூப்பிட்டபோது ஆள் இல்லை. அம்மாவோடு பஸ் ஏறிவிட்டான்.

ஜெயித்த பையனின் அப்பாவிடம் பேசினேன். ஜன்னல் வழியாகக் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தவர் அவர். "சார், பெரிய பெரிய பிளேயரே பண்றாங்க. நம்ம புள்ள பண்ணா மட்டும் தப்பா? கெத்தா இருந்துச்சுல்ல?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டே சொன்னார். அன்று போட்டி நடத்தியவர்களிடம் போய் ஒரு எச்சரிக்கையாவது கொடுங்கள் என்றேன். ஆட்டம் முடிந்த பிறகு நடந்ததுதானே, எந்த விதியில் கொடுப்பது என்று கேட்டார்கள். உடைந்த ராஜாவுக்குப் பதில் வேறு செட்டிலிருந்து ஒரு ராஜாவை எடுத்து வைத்தார்கள். விஷயம் முடிந்தது.

அந்த அப்பாவுக்கு நான் என்ன பதில் சொல்வது? உலகத் தரவரிசையில் முன்வரிசையில் இருக்கும் ஒருவர், உலக சாம்பியனின் ராஜாவை, கேமராக்களுக்கு முன்னால் வீசுகிறார். அவருக்குத் தண்டனை எதுவும் இல்லை. நான் கும்பகோணத்தில் உட்கார்ந்துகொண்டு அது தப்பு என்று சொன்னால் யார் கேட்பார்கள்?

அது முன்பே பேசிவைத்த வேடிக்கை, ஆர்ப்பாட்டமாக ஆடச் சொன்னவர்களே அமைப்பாளர்கள்தான், குகேஷை அவமதிக்கும் எண்ணம் இல்லை என்று அதே அணியில் ஆடிய லெவி ரோஸ்மன் பிறகு விளக்கினார். நம்புகிறேன். நகமுரா கெட்ட மனிதர் என்று நான் சொல்ல வரவில்லை. அவருடைய ஆட்டங்களை எத்தனையோ முறை பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன். வேகமாக யோசிப்பதில் அவரை மிஞ்ச உலகத்தில் இரண்டு பேர்கூடத் தேறமாட்டார்கள். ஆனால் இந்த விளக்கம் எனக்கு ஆறுதல் தரவில்லை, கவலையைத்தான் கூட்டியது. ஆத்திரத்தில் ஒருவர் செய்தால் அது அவரோடு போகும். யோசித்து, பேசி, "இப்படிச் செய்தால் நன்றாக ஓடும்" என்று ஒரு குழு முடிவெடுத்துச் செய்தால், அது இனி எல்லாரும் செய்யவேண்டிய வழக்கமாகிவிடும்.

ஆட்டம் முடிந்ததும் என்ன செய்ய வேண்டும் என்று நாங்கள் பிள்ளைகளுக்கு முதல் வாரமே சொல்லித் தருகிறோம். குதிரை எப்படித் தாண்டும் என்பதற்கும் முன்னால். கடிகாரத்தை நிறுத்து. எதிராளியின் கண்ணைப் பார்த்துக் கைகொடு. முடிவை எழுதி இருவரும் ஒருவர் தாளில் மற்றவர் கையெழுத்துப் போடுங்கள். காய்களைத் திரும்ப அடுக்கு. கொஞ்சம் பெரிய போட்டிகளில், கணினியோடு இணைந்த பலகைகளில் ஆடும்போது இன்னொன்றும் உண்டு. முடிவைக் காட்ட இரண்டு ராஜாக்களையும் பலகையின் நடுவில் வைக்க வேண்டும். வெள்ளை ஜெயித்தால் நடுவில் உள்ள வெள்ளைக் கட்டங்கள் இரண்டில், கறுப்பு ஜெயித்தால் கறுப்புக் கட்டங்கள் இரண்டில். வென்ற ராஜாவும் தோற்ற ராஜாவும் பக்கத்தில் பக்கத்தில்தான் நிற்கும். இதை முதல்முறை பார்க்கும் பிள்ளைகளுக்கு அவ்வளவு பிடிக்கும். தோற்றவன்கூட ஆசையாகத் தன் ராஜாவை எடுத்து வைப்பான். இதைக் கண்டுபிடித்தவர்கள் நீங்கள்தான், உங்கள் உலகத்துப் பெரியவர்கள்தான். இப்போது அதே உலகம் ராஜாவை வீசிக் காட்டுகிறது.

குகேஷ் சாம்பியனான நாளை நினைத்துப் பார்க்கிறேன். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். பதினான்காவது ஆட்டம், கடைசி ஆட்டம். டிரா என்று எல்லாரும் நினைத்திருந்த நிலையில் அதுவரை சாம்பியனாக இருந்த சீனாவின் டிங் லிரென் தன் 55ஆவது நகர்வில் யானையைத் தவறான கட்டத்தில் வைத்தார். குகேஷ் அதைக் கண்டுபிடித்த கணத்தில் அவர் முகத்தில் வந்த மாற்றத்தை எங்கள் வகுப்பில் பிள்ளைகள் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிப் பார்ப்பார்கள். டிங் தோல்வியை ஒப்புக்கொண்டார், கைகொடுத்தார், போனார். குகேஷ் பதினெட்டு வயதில் உலக சாம்பியன். அழுகை வந்துவிட்டது, முகத்தைப் பொத்திக்கொண்டார். அதற்கு நடுவிலேயே பலகையில் கலைந்து கிடந்த காய்களை ஒவ்வொன்றாக எடுத்து அவற்றின் இடத்தில் அடுக்கினார். அப்புறம்தான் கையைத் தூக்கினார். செய்தியாளர்கள் முன்னால் உட்கார்ந்ததும் முதலில் பேசியது தன்னைப் பற்றி அல்ல, டிங்கைப் பற்றி. உண்மையான சாம்பியனைப் போலப் போராடினார் என்றார். மனச்சோர்வோடு தான் பட்ட பாட்டை டிங்கே வெளிப்படையாகச் சொல்லியிருந்தார். அப்படிப்பட்டவர் தோற்று இறங்கிய மேடையில் அந்தச் சொற்கள் எவ்வளவு பெரியவை!

கொண்டாடவே கூடாது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் கோப்பை வாங்கினால் வேனில் பாட்டுப் போட்டுக்கொண்டு வருவோம். 2013 நவம்பரில் சென்னையில் நார்வேயின் மேக்னஸ் கார்ல்சன் நம் ஆனந்தைத் தோற்கடித்துச் சாம்பியன் ஆனபோது, அவருடைய ஆட்கள் உடுத்திய துணியோடு அவரை ஓட்டலின் நீச்சல் குளத்தில் தள்ளிவிட்டார்கள். ஆனந்த் தோற்ற வருத்தத்தில் இருந்த எங்களுக்குக்கூட அந்தப் படத்தைப் பார்த்தபோது சிரிப்பு வந்தது. அதில் ஆனந்தின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை. அந்தப் போட்டியைக் கண்ணாடிக்கு வெளியே இருந்து பார்த்துக்கொண்டிருந்த ஏழு வயதுப் பையன்தான் குகேஷ் என்பது உங்களுக்குத் தெரியும், அவரே சொல்லியிருக்கிறார். அன்று அரங்கத்துக்குள் ஆனந்தின் ராஜா பறந்திருந்தால் அந்தப் பையன் என்ன கற்றுக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பான்?

கார்ல்சனைச் சொன்னதும் அவர் மேசையைக் குத்தியது நினைவுக்கு வரும். 2025 ஜூன் 1, நார்வேயின் ஸ்டவாங்கர் நகரம், நார்வே செஸ் போட்டி. ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தைக் குகேஷிடம் கோட்டை விட்டார். முஷ்டியால் மேசையில் ஓங்கிக் குத்தினார், காய்கள் உருண்டன. அது தவறுதான். ஆனால் அடுத்த சில நொடிகளில் கைகொடுத்தார், மன்னிப்புக் கேட்டார், போகும்போது குகேஷின் முதுகில் தட்டிவிட்டுப் போனார். குகேஷ் என்ன சொன்னார்? நூற்றில் தொண்ணூற்றொன்பது தடவை நான் தோற்றிருக்க வேண்டிய ஆட்டம் இது, இன்று அதிர்ஷ்டம் என்றார். நானும் என் காலத்தில் மேசையைக் குத்தியவன்தான் என்று சொல்லி கார்ல்சனையும் விட்டுவிட்டார். உலகின் முதல் நிலை வீரரை, நீண்ட நேரம் ஆடும் கிளாசிக்கல் ஆட்டத்தில், முதல்முறையாக வென்ற நாளில் ஒருவர் பேசிய பேச்சு இது. தோற்றவரின் கோபத்தை நாங்கள் பொறுத்துக்கொள்வோம். எட்டு வயதுப் பிள்ளை தோற்றுவிட்டுப் போர்டைக் கலைத்தால் முதுகைத் தடவிக்கொடுப்போம், அப்புறம் அடுக்கச் சொல்வோம். ஜெயித்தவருக்கு அந்தச் சாக்கு கிடையாது. அவர் எதையும் இழக்கவில்லையே.

ஆர்லிங்டன் முடிந்து சில வாரங்களில் அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸில் குகேஷும் நகமுராவும் மறுபடி மோதினார்கள். அக்டோபர் கடைசி வாரம். இந்த முறை குகேஷ் ஒரு ஆட்டத்தில் வென்றார். எங்கள் பிள்ளைகள் என்ன எதிர்பார்த்தார்கள் என்று மறைக்காமல் சொல்கிறேன்: "சார், இவரும் தூக்கிப் போடுவாரா?" குகேஷ் கைகொடுத்துவிட்டுக் காய்களை அடுக்கத் தொடங்கினார். அவ்வளவுதான். அந்த வீடியோவும் பரவியது, பழிவாங்கல் என்று தலைப்புப் போட்டார்கள். பாவம், அவர் எப்போதும் செய்வதைச் செய்தார்.

இப்போது ஃபிடேவிடம் ஒரு கேள்வி. வீரர்களின் நடத்தையில் தலையிடும் பழக்கம் உங்களுக்கு இல்லையா? 2007இல் நீங்களே ஒரு முடிவு எடுத்தீர்கள். எதிராளிக்குக் கைகொடுக்க மறுப்பவருக்கும், வேண்டுமென்றே எதிராளியை அவமதிப்பவருக்கும் அந்த ஆட்டம் தோல்வி என்று. 2008 ஜனவரியில் நெதர்லாந்தின் விக் ஆன் ஸீயில் பல்கேரியாவின் இவான் செப்பரினோவ் இங்கிலாந்தின் நைஜல் ஷார்ட்டுக்குக் கைகொடுக்க மறுத்தபோது ஆர்பிட்டர் அந்த விதிப்படிதான் அவருக்குத் தோல்வி கொடுத்தார். மேல்முறையீட்டில், மன்னிப்புக் கேட்டுவிட்டு மறுபடி ஆடுங்கள் என்றார்கள். ஆடினார்கள், ஷார்ட் ஜெயித்தார். உலகம் இடிந்துவிடவில்லை. 2024 டிசம்பரில் நியூயார்க்கில் நீங்கள் நடத்திய உலக ரேபிட் (விரைவு செஸ்) போட்டியில் ஜீன்ஸ் போட்டு வந்ததற்காகக் கார்ல்சனுக்கே 200 டாலர் அபராதம் போட்டீர்கள், மாற்றிக்கொண்டு வராததால் அடுத்த சுற்றில் அவருக்கு எதிராளியையே ஒதுக்கவில்லை. கால்சட்டைத் துணியைப் பார்க்கும் கண்ணுக்கு, பறக்கும் ராஜா தெரியாமல் போகுமா?

அது எங்கள் போட்டி இல்லை, தனியார் காட்சிப் போட்டி என்று நீங்கள் சொல்லலாம். சட்டப்படி சரி. ஆனால் அந்த மேடையில் உட்கார்ந்திருந்தவர் உங்கள் உலக சாம்பியன். அந்தப் பட்டம் இல்லாவிட்டால் அந்த ராஜாவை வீசியதில் யாருக்கு என்ன சுவாரசியம்? உங்கள் பட்டத்தை வைத்துத்தான் டிக்கெட் விற்றார்கள்.

செஸ்ஸுக்குக் கூட்டம் சேர்க்க வேண்டும், சும்மா உட்கார்ந்திருப்பதை யார் பார்ப்பார்கள் என்ற வாதத்தையும் கேட்டேன். நாங்கள் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தே வளர்ந்த ஊர்க்காரர்கள். 2022இல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தபோது வெளியூர்களிலிருந்து பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வந்து, வியர்க்க வியர்க்க வரிசையில் நின்று, கயிற்றுக்கு இந்தப் பக்கம் இருந்து எட்டி எட்டிப் பார்த்தார்கள். யாரும் காயை வீசிக் காட்டவில்லை. வேடிக்கை வேண்டும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. நார்வே செஸ்ஸில் ஆட்டத்துக்கு நடுவில் வீரர் எழுந்து போய் ஒரு சின்ன அறையில் கேமராவிடம் தன் மனதில் ஓடுவதைச் சொல்லிவிட்டு வருகிறார். என்ன அருமையான யோசனை! எங்கள் பிள்ளைகள் ஆட்டத்தைவிட அதை ரசிக்கிறார்கள். ஆர்லிங்டனிலேயே தானி அடேவுமி ஆடினார். நைஜீரியாவிலிருந்து அகதியாக வந்த குடும்பம், வீடில்லாதவர்கள் தங்கும் விடுதியில் இருந்துகொண்டு எட்டு வயதில் தன் பிரிவில் நியூயார்க் மாநிலப் பட்டம் வென்ற பையன். அன்று அவரும் தன் ஆட்டத்தை வென்றார். கூட்டத்துக்குச் சொல்ல அதைவிட நல்ல கதை கிடைக்குமா? மறுநாள் உலகம் முழுக்க ஓடியது ராஜா பறந்த வீடியோ மட்டும்தான். வேடிக்கை காட்டுகிறோம் என்று உங்கள் கையில் இருந்த நல்ல கதையை நீங்களே மூடிவிட்டீர்கள்.

சரி, என்ன வேண்டும் என்று கேட்பீர்கள். முதலில் ஃபிடேவிடம். கைகொடுப்பதற்கு 2007இல் காட்டிய அக்கறையை ஆட்டம் முடிந்த பிறகான சில நிமிடங்களுக்கும் நீட்டுங்கள். எதிராளியின் காயை எடுப்பது, வீசுவது, உடைப்பது, அவரைக் கேலி செய்து சைகை காட்டுவது எல்லாம் தண்டனைக்குரியவை என்று ஒரு வரி எழுதுங்கள். ஆட்டம் முடிந்துவிட்டதே என்று ஆர்பிட்டர் கைவிரிக்காதபடி, இருவரும் மேசையை விட்டு எழுந்து போகும் வரை அவருக்கு அதிகாரம் உண்டு என்பதையும் சேர்த்து எழுதுங்கள். நடப்பு உலக சாம்பியன் ஆடும் எந்தத் தனியார் நிகழ்ச்சியாக இருந்தாலும், அந்த வரியை ஏற்றுக் கையெழுத்துப் போட்டால்தான் உலக சாம்பியன் என்ற பட்டத்தை விளம்பரத்தில் போட அனுமதி என்று சொல்லுங்கள்.

காட்சிப் போட்டி நடத்துபவர்களே, ஆர்லிங்டன் போட்டியின் மறுபாதி இந்தியாவில் என்று அப்போது அறிவித்தீர்கள். இங்கே எந்த ஊரில் நடத்தினாலும் குகேஷிடம் போய் "இப்போது நீங்கள் அவர் ராஜாவை வீசுங்கள்" என்று கேட்காதீர்கள். கேட்பீர்கள் என்று எனக்குச் சந்தேகம் இருக்கிறது. அதே இந்திய அணியில் ஆடிய அர்ஜுனிடமோ திவ்யாவிடமோ கேட்காதீர்கள். பாட்டு, வெளிச்சம், கைதட்டல், விசில் எதுவும் இருக்கட்டும். ஜெயித்தவர் நாற்காலி மேல் ஏறி ஆடட்டும். எதிராளியையும் அவர் காய்களையும் மட்டும் தொடக்கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

நகமுரா அவர்களே, உங்கள் ஒளிபரப்பை எங்கள் பிள்ளைகள் இங்கே நள்ளிரவில் ஒளிந்து ஒளிந்து பார்க்கிறார்கள், பெற்றோர் என்னிடம் புகார் சொல்கிறார்கள். உங்களிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. குகேஷோடு பேசிவிட்டீர்கள் என்றால் அது உங்கள் இருவரின் விஷயம். ஆனால் ஏழு வயதுப் பிள்ளைகள் பார்க்கிற மாதிரி ஒரு ஐந்து நிமிடம் பேசுங்கள். அது மேடைக்காகச் செய்தது, உங்கள் போட்டியில் யாரும் செய்யாதீர்கள் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். நாங்கள் சொன்னால் ஏறாதது நீங்கள் சொன்னால் ஏறும்.

இன்னும் ஒன்று, இது அகில இந்திய செஸ் கூட்டமைப்புக்கும் மாநில, மாவட்டச் சங்கங்களுக்கும். ஃபிடே எழுதும் வரை காத்திருக்க வேண்டாம். ஒன்பது, பதினொன்று வயதுப் பிரிவுகளில் ஆடும் கூடத்தின் ஜன்னலோரம் கைபேசியோடு பெற்றோர் நிற்பதைத் தடுங்கள். ஜெயித்தவரும் தோற்றவரும் சேர்ந்து காய்களை அடுக்கிய பிறகே முடிவுத் தாளை வாங்குங்கள். காயை வீசினால் முதல்முறை எச்சரிக்கை, இரண்டாம் முறை அந்த ஆட்டத்தின் புள்ளி போகும் என்று ஒரு பக்கச் சுற்றறிக்கை அனுப்புங்கள். தமிழில் அனுப்புங்கள். முதல் சுற்றுக்கு முன்னால் பெற்றோரும் உள்ளே இருக்கும்போதே மைக்கில் அதைப் படித்துவிடுகிறோம்.

இப்படிக்கு,
ஒரு செஸ் பயிற்சியாளர்,
கும்பகோணம்